பெயரை மட்டும்தான் விட்டிருந்தேன்

அந்த போன் வந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். பங்குனி வெயில், நோன்பு மாதம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடி அறையில், ஒரு கல்லூரியில் பேசுவதற்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பேசியவர் சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயியின் மனைவி. முந்தின வருடம் அவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருக்கிறேன். எப்போது பேசினாலும் "அக்கா, சாப்டீங்களா" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அது இல்லை.

"அக்கா, அந்தப் புக்குல எங்க மோட்டாரப் பத்தி எழுதுனது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு நாளைக்கு முன்னால் கரண்ட் ஆபீஸிலிருந்து ஜீப்பில் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் போனில் என் புத்தகத்தின் பக்கம் போட்டோவாக இருந்திருக்கிறது. வயரை வெட்டி, இரண்டு மோட்டாருக்கும் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நெல் பால் பிடிக்கிற நேரம். வயலில் வெடிப்பு விழ ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் யாரோடும் பேசுவதில்லை, சோறும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவருக்கு என்னிடம் ஒன்று கேட்க வேண்டுமாம், நேரில் வரச் சொன்னார்.

நான் பத்திரிகையில் வேலை பார்த்து, பிறகு புத்தகம் எழுத வந்தவள். மின்சாரம், தண்ணீர், சாப்பாடு. இந்த மூன்றைச் சுற்றித்தான் இத்தனை வருடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தை மாதம் வெளியான புத்தகம், நம் தட்டில் விழும் சோற்றுக்குப் பின்னால் எவ்வளவு கரண்டும் டீசலும் ஓடியிருக்கிறது என்பதைப் பற்றியது. அதற்காக ஆத்தூர் அணையின் கீழுள்ள வயல்களிலிருந்து கொடைரோட்டுக் காய்கறி லாரிகள் வரை அலைந்தேன். போன இடங்களில் மனம் விட்டுப் பேசியவர்கள் இந்தக் குடும்பம்தான்.

அந்த விவசாயியின் போர்வெல்லுக்கு ஒரு விவசாய மின் இணைப்பு இருந்தது. சற்றுத் தள்ளி அவருக்கே சொந்தமான இன்னொரு வயலில் பழைய கிணறு ஒன்று. அதற்கும் இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். பொறுக்க முடியாமல் முதல் மோட்டார் ரூமிலிருந்தே வயர் இழுத்து, கிணற்றில் இரண்டாவது மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். அது குற்றம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மத்தியானச் சாப்பாட்டின்போது, கத்தரிக்காய் வெஞ்சனத்தை எனக்கு இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லிக்கொண்டே, இதையும் சொன்னார். எழுதாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. எழுதலாமா என்று நானும் கேட்கவில்லை.

நான்கு பத்தி எழுதினேன். அவர் பக்கம் நின்றுதான் எழுதினேன். காத்திருக்க வைத்தவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம். பெயரைப் போடவில்லை, ஊரைப் போடவில்லை. ஆனால் கிணற்றோரம் நின்ற இரட்டைப் பனையை எழுதினேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய ரோஸ் நிற பெயிண்டை மோட்டார் ரூமுக்கு அடித்திருந்ததை எழுதினேன். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் தென்னந்தோப்பு என்று எழுதினேன். அந்த வரிகள் நன்றாக வந்திருப்பதாக அப்போது பெருமை வேறு. அந்தப் பக்கத்து ஆள் யார் படித்தாலும், ஒரு நொடியில் வயலைக் கண்டுபிடித்துவிடலாம்.

என் கணவர் தோல் மண்டி வைத்திருக்கிறார். மண்டிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தனியாகப் போகாதே, ஆத்திரத்தில் இருப்பார்கள், ரெண்டு நாள் போகட்டும் என்றார். ரெண்டு நாளில் பயிர் போய்விடும் என்றேன். பஸ் ஏறிவிட்டேன்.

வயலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வெடிப்புதான். விரல் நுழையும் அளவுக்குத் தரை பிளந்து கிடந்தது. கதிர்கள் பச்சையாக, நிமிர்ந்து நின்றன. ஒரு மணியைப் பிதுக்கிப் பார்த்தேன். பால் கொஞ்சமாக, தண்ணீர் போலக் கசிந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் விடாவிட்டால் கதிர் அத்தனையும் பதராகிவிடும். என் புத்தகத்திலேயே அதையும் எழுதியிருக்கிறேன்.

விவசாயி மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி பழக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வீட்டுத் தண்ணிகூட இறங்கலயோ," என்றார் அவர்.

"அவுகளுக்கு நோன்பு மாசம்," என்று மனைவி சொல்லி, சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான்தான் ஆரம்பித்தேன். செய்தது தப்பு, கேட்காமல் எழுதியது தப்பு என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதெல்லாம் நான் கற்பனையா எழுதுனதுன்னு ஒரு லெட்டர் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது போதும். நான் ஆபீஸ்ல குடுத்துக்கிறேன்."

வயர் இருந்ததை அந்த நான்கு பேரும் கண்ணால் பார்த்திருக்கிறார்களே, லெட்டரால் என்ன ஆகும் என்றேன். அது தன் பாடு என்றார். புத்தகத்தில் எழுதியிருப்பதால் ஆதியிலிருந்தே திருடியதாகக் கணக்கு போடுகிறார்கள், லெட்டர் இருந்தால் போன மாசம்தான் இழுத்தேன் என்று சொல்லிக்கொள்வேன் என்றார். மறுநாள் வரை நேரம் கேட்டேன். அவர் எழுந்து வரப்பில் நடந்து போய்விட்டார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் பதிப்பாளருக்குப் போன் போட்டேன். கற்பனை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் புத்தகம் மொத்தத்தையும் கடையிலிருந்து எடுக்க வேண்டியதுதான், அப்புறம் நீங்கள் எழுதுவது எதையும் எவரும் நம்பமாட்டார்கள் என்று அவர் சொன்னார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. நோன்பு திறந்த பிறகு கணவரிடம் கேட்டேன். அவர், "பொய் எழுதிக் குடுத்தா உனக்கு நஷ்டம். குடுக்காட்டி அந்த மனுசனுக்கு நஷ்டம். ரெண்டுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். இன்னொன்றும் சொன்னார். லெட்டர் எதுவானாலும் நாளைக்குள் பயிருக்குத் தண்ணீர் போக வேண்டும் என்றார்.

அதுதான் எனக்குப் பிடிமானமாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கரண்ட்தான் இல்லை. ஆயில் இன்ஜின் வைத்து இறைக்கலாம். என் கணவருக்குப் பழக்கமான ஒரு பாய் சித்தையன்கோட்டையில் ஆயில் இன்ஜின் வாடகைக்கு விடுகிறார். அவரிடம் பேசி, காலையிலேயே இன்ஜினோடு வயலுக்கு வரச் சொன்னோம். பிறகு லெட்டரை எழுத உட்கார்ந்தேன். இரண்டு விதமாக எழுதினேன். ஒன்று விவசாயி கேட்டது. இன்னொன்று நடந்தது. இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எதைக் கொடுக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் நான் போய்ச் சேர்வதற்குள் பாய் தன் லோடு ஆட்டோவில் இன்ஜினைக் கொண்டுவந்திருந்தார். விவசாயி வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். மனைவி விடவில்லை. நான் வந்ததும் விவசாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கயிறு கட்ட ஆரம்பித்தார்.

கோடையில் தண்ணீர் கீழே போயிருந்ததால், மேலே இன்ஜினை வைத்தால் இழுக்காது. கிணற்றுக்குள் மூன்று ஆள் ஆழத்தில், பழைய மோட்டார் இருந்த கல் மேடை உண்டு. அங்கே இறக்கினால்தான் தண்ணீர் ஏறும். பக்கத்துத் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்து பிடிக்க, இன்ஜினை மெதுவாக இறக்கி மேடையில் உட்கார வைத்தார்கள். விவசாயி கல் படி வழியாக இறங்கி, ஹேண்டிலைச் சுற்றி ஸ்டார்ட் செய்துவிட்டு மேலே ஏறி வந்தார். குழாயில் தண்ணீர் வந்து வாய்க்காலில் விழுந்தது. வெடிப்புக்குள் அது இறங்கும்போது ஒரு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம்கூட இருக்காது. தண்ணீர் விக்கி விக்கி வந்து, பிறகு நின்றே போனது. ஏர் வாங்கிருச்சு, குழாய்ல காத்துப் புகுந்துருச்சு, இறங்கித் தண்ணி ஊத்தணும் என்றார் பாய். இன்ஜின் மட்டும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கிணறு முழுக்க நீலப்புகை. விவசாயி உடனே இறங்கப் போனார்.

நான் குறுக்கே போய் நின்றேன். என் முதல் புத்தகத்துக்காக, இப்படி இன்ஜின் புகையில் கிணற்றுக்குள்ளேயே இறந்துபோன ஒருவரின் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் அங்கேயே போய்விட்டார். புகை கண்ணுக்குத் தெரியும். ஆனால் கொல்வது அதற்குள் இருக்கும், வாசனையே இல்லாத காற்று. இதைச் சொல்லி, டீசல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கட்டும், புகை போன பிறகு இறங்கலாம் என்றேன்.

"டீசல் தீர மத்தியானமாயிரும். அதுக்குள்ள பயிரு?" என்றார் அவர், என்னிடம் இல்லை, பாயிடம்.

அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அந்தம்மா இன்ஜின் இறக்கிய கயிற்றை எடுத்துவந்து அவர் இடுப்பில் சுற்றினார். அவர் தட்டிவிட்டார். அந்தம்மா திரும்பச் சுற்றி, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். "கோவத்த அவுக மேல காட்டுங்க, கயித்து மேல காட்டாதீங்க," என்றார். மறுமுனையைப் பனைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பாயிடம் கொடுத்தார்.

அவர் இறங்கினார். தலை தெரிந்தது, பிறகு புகைக்குள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு குழாய் வாயில் ஊற்றுகிறார் என்று சத்தத்தை வைத்துப் புரிந்துகொண்டோம். இன்ஜினின் சத்தம் மாறியது. குழாயில் மறுபடியும் தண்ணீர் பாய்ந்தது. மேலே வாங்க என்று மனைவி கூப்பிட்டார். "வாரேன்," என்று பதில் வந்தது. பிறகு வரவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார். இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பாய் கயிற்றை இழுத்துப் பார்த்தார், பாரமாக இருந்தது, அந்தப் பக்கம் அசைவே இல்லை. தோப்பிலிருந்து வந்த இருவரில் ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியில் கால் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். முன்பின் தெரியாத ஆம்பளையின் கையை அப்படிப் பிடித்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. இறங்கினால் ரெண்டு பேரும் சாவீங்க, கயிற்றைப் பிடிங்க என்று கத்தினேன்.

ஐந்து பேரும் இழுத்தோம். பாய் முன்னால், பிறகு அந்த இருவர், அவர்களுக்குப் பின்னால் அந்தம்மா, கடைசியில் நான். கயிறு கிணற்று விளிம்புக் கல்லில் உரசி நார் நாராகப் பிரிந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. சொன்னால் கை தளர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. என்னென்ன துஆ ஓதினேன் என்று இப்போது நினைவில்லை. எல்லாவற்றையும் பாதிப் பாதியாக ஓதியிருப்பேன். நடுவில் ஒரு இடத்தில் அவர் உடம்பு படியில் சிக்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப இழுத்தோம். தோள் தெரிந்தது. தோப்புக்காரர்கள் இருவரும் குப்புறப் படுத்து, கைக்குள் கை விட்டு அவரை வெளியே எடுத்துப் போட்டார்கள்.

மூச்சு இருந்தது, ஆனால் கண் திறக்கவில்லை. ஒரு பக்கத் தோள் முழுக்கத் தோல் உரிந்திருந்தது. வேட்டியைத் தளர்த்தி, ஒருக்களித்துப் போட்டு, காற்று வர எல்லாரையும் விலகச் சொன்னேன். அந்தம்மா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அழவில்லை. அவர் ஒருமுறை இருமினார், பிறகு வாந்தி எடுத்தார். கண் திறந்து எங்களைப் பார்த்தபோது யாரையும் அடையாளம் தெரியவில்லை.

லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில், நாங்கள் போனில் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் எதிரே வந்து மாற்றிக்கொண்டது. அவருக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் கயிற்றால் கிழிந்திருந்தது.

பின்னால் கிணற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். தோப்புக்காரர்கள் காவலுக்கு நின்றார்கள். டீசல் தீருகிற வரை அது தானாக இறைத்து, வயல் முழுக்கத் தண்ணீர் பாய்ந்ததாகப் பிறகு போனில் சொன்னார்கள்.

சாயந்தரம் டாக்டர் வந்து உயிருக்குப் பயமில்லை என்றார். நோன்பு திறக்கும் நேரம் தாண்டிப் போனது எனக்குத் தெரியவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அந்தம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர்தான் கேட்டார்.

"லெட்டர் கொண்டாந்தீங்களா?"

பைக்குள் இரண்டும் இருந்தன. வீட்டுக்காரர் கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் கை முதலில் போனது. அந்த நிமிடத்தில் என் புத்தகம் போனால் போகிறது என்றே இருந்தது. ஆனால் அதைக் கொடுத்தால் விசாரணையில் அவரும் பொய் சொல்ல வேண்டும், நானும் சொல்ல வேண்டும், ஏதாவது ஒன்றில் மாட்டினால் அடி மறுபடியும் அவர் மேல்தான் விழும். இரண்டாவதை எடுத்துப் படித்துக் காட்டினேன். அவர் என்னை நம்பிச் சொன்னார், நான் அனுமதி கேட்காமல் எழுதினேன், இணைப்பு கேட்டு அவர் காத்திருந்ததற்கான ரசீதை நானே பார்த்திருக்கிறேன், எப்போது வயர் இழுத்தார் என்பது எனக்குத் தெரியாது, புத்தகத்தில் அதைத் தெரிந்ததுபோல எழுதியது என் பிழை. இவ்வளவுதான் அதில் இருந்தது. ஒவ்வொரு வரியும் உண்மை.

"கற்பனைன்னு இதுல இல்லையே."

"இல்ல."

அந்தம்மா என்னைப் பார்த்தார். "அவர் கேட்டத நீங்க தரல," என்றார். ஆனாலும் அதை வாங்கி, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து முதல் லெட்டரை அடுப்பில் போட்டேன்.

ஆபீஸில் அபராதம் போட்டார்கள், அந்தக் குடும்பம் கட்டியது. அதில் நான் கொடுத்த பங்கை அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். சில நாளில் போர்வெல் மோட்டாருக்கு ஃபியூஸ் திரும்ப வந்தது. என் லெட்டரைப் பார்த்துக் குறைத்துப் போட்டார்களா, அதைப் படித்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. அறுவடையில் மேற்குப் பக்கம் பாதிக்குமேல் பதர். கிணற்றுத் தண்ணீர் முதலில் பாய்ந்த பக்கம் மட்டும் ஓரளவு தேறியது. அடுத்த பதிப்பில் அந்த நான்கு பத்தியை எடுத்துவிட்டோம். வாசகர் ஒருவர்கூட எங்கே என்று கேட்கவில்லை. அந்தப் பத்திகள் இல்லாமலும் என் புத்தகம் நின்றிருக்கும்.

ஐப்பசி வாக்கில் ஒருநாள் போனேன். விவசாயி எனக்கு நாற்காலி போடச் சொன்னார். மழை, நாற்று விலை என்று பொதுவாகப் பேசினார். கிளம்பும்போது கேட்டேன், நடந்ததை, என் தப்பையும் சேர்த்து, எழுதலாமா என்று. இந்தத் தடவை கேட்டேன்.

"கெணத்துல எறங்குனத எழுதுங்க. வேற எவனும் எறங்காம இருக்கட்டும்," என்றார். அச்சுக்குப் போகும் முன் தனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றார். அதன்படி போன வாரம் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போய், இருவருக்கும் முன்னால் முழுக்கப் படித்தேன். தன் மனைவி கயிறு கட்டிய இடத்தில் அவர் எழுந்து வெளியே போய், சற்றுக் கழித்து வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் எதிரிலேயே பேனாவால் அடித்தேன். அது இதில் இல்லை.